கிறிஸ்தவக் கல்வி நிறுவனத்தில் சிறப்புக் கல்விப் பட்டம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் நடத்துவது என் வேலை. போகிற இடமெல்லாம் குழந்தையைப் பற்றிய பேச்சு முடிந்ததும் அடுத்த பேச்சு, இந்தக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் படிப்பான சிறப்புக் கல்வியைப் பற்றித்தான். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள், குழந்தைகளின் அம்மாக்கள், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே நிற்கும் பையன்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் அனுப்பி மாளவில்லை. அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் எழுதிவைக்கிறேன்.

"சிறப்புக் கல்வின்னா என்ன மிஸ்? சாதாரண பி.எட்.தானே, பேருதான் வேறயா?"

வேறு படிப்பு. சாதாரண பி.எட்.டில் ஒரு பாடத்தை ஒரு வகுப்புக்கு எப்படி நடத்துவது என்று கற்பீர்கள். சிறப்புக் கல்வி பி.எட்.டில் குழந்தையிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு இப்போது என்ன தெரியும், அடுத்து எது தெரிய வேண்டும், எந்த வழியில் சொன்னால் போய்ச் சேரும் என்று பார்த்துவிட்டுத்தான் பாடத்துக்கே வருவீர்கள்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமா இருக்கிறது, டி.எட். சிறப்புக் கல்வி. டிகிரி முடித்தவர்களுக்கு இரண்டாண்டு பி.எட். அதற்கு டிகிரியில் பொதுவாக 50 சதவீதம் கேட்பார்கள். அதற்கு மேல் இரண்டாண்டு எம்.எட். இந்த மூன்றும் அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு என்று பிரிவு பிரிவாகத்தான் நடக்கும். சேரும்போதே ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

"ஆர்.சி.ஐ., ஆர்.சி.ஐ.ன்னு எல்லாரும் சொல்றீங்களே, அது இல்லாட்டி என்ன ஆயிடும்?"

அது இல்லாவிட்டால் இரண்டு வருஷமும் பணமும் வீண். இந்திய மறுவாழ்வு கவுன்சிலைத்தான் ஆர்.சி.ஐ. என்கிறோம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுக்கச் சிறப்புக் கல்விப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பு இதுதான். அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர்கள் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து ஒரு எண் வாங்க வேண்டும். வேலைக்குப் போகும் இடத்தில் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காகத் தொடர் பயிற்சிகளில் கலந்துகொண்டு மதிப்பெண் சேர்த்துக்கொண்டே வர வேண்டும்.

தகுதியும் பதிவும் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அபராதத் தொகை சின்னதாகத் தெரியலாம். ஆனால் பதிவு இல்லாதவரை எந்த அரசுத் திட்டத்திலும் எடுக்க மாட்டார்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "எங்கள் காலேஜுக்கு ஆர்.சி.ஐ. இருக்கிறது" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒப்புதல் கல்லூரிக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தப் பிரிவு, எத்தனை இடம், எந்தக் கல்வியாண்டு வரை என்று தனித்தனியாகக் கொடுப்பார்கள். கவுன்சிலின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அதில் நீங்கள் சேரும் ஆண்டு இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மூன்று மாதம், ஆறு மாதத்தில் சிறப்புக் கல்வி டிப்ளமா தருகிறோம் என்று தெருமுனையில் பேனர் கட்டியிருப்பவர்களிடமும் இந்தப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

"கிறிஸ்டியன் யுனிவர்சிட்டில படிச்சா நல்லதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. மெட்ராஸ்ல எது எது இருக்கு?"

பல்கலைக்கழகம் வேறு, கல்லூரி வேறு. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ், பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி, தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி எல்லாம் தன்னாட்சிக் கல்லூரிகள். பட்டத்தைக் கொடுப்பது சென்னைப் பல்கலைக்கழகம். கிறிஸ்தவ நிர்வாகத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் என்றால் கோயம்புத்தூர் காருண்யா, பெங்களூரு கிறைஸ்ட் ஆகியவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். ஷில்லாங்கில் மார்ட்டின் லூதர் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. திருச்சி ஹோலி கிராஸ் பெண்கள் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. இந்தப் பெயர்களைச் சொல்வதால் இங்கெல்லாம் நீங்கள் கேட்கும் பிரிவு இந்த ஆண்டு உண்டு என்று அர்த்தமில்லை. அதற்கு மேலே சொன்ன பட்டியல்தான் வழி.

சிஸ்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளியை 1887இல் அமிர்தசரஸில் தொடங்கியவர் ஆனி ஷார்ப் என்ற மிஷனரி. நம் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் பிளாரன்ஸ் ஸ்வைன்சன். அது 19ஆம் நூற்றாண்டின் கடைசி. அரசாங்கம் இந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் அவர்கள் பார்த்தார்கள். அடையாறு செயின்ட் லூயிஸ் நிறுவனம் வரைக்கும் அந்தத் தொடர்ச்சி இருக்கிறது. பக்கத்திலேயே பழைய சிறப்புப் பள்ளி இருக்கும் கல்லூரியில் படித்தால் பயிற்சி நாட்களில் நிஜமான வகுப்பறை கிடைக்கும். கிறிஸ்தவ நிறுவனம் என்பதில் நான் மதிக்கும் விஷயம் இதுதான். சிலுவை வைத்த வாசல் இருந்து, பயிற்சிப் பள்ளி இல்லை என்றால் அங்கே சேர நான் யோசிப்பேன்.

"நாங்க இந்து. சேர்த்துப்பாங்களா? ஜெபத்துல உட்காரச் சொல்லுவாங்களா?"

சேர்த்துக்கொள்வார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையைத் தருகிறது. தங்கள் சமூகத்துக்கென்று ஒரு பகுதி இடங்களை வைத்துக்கொள்வார்கள். மற்ற இடங்கள் எல்லோருக்கும். என்னோடு படித்தவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு, திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வெள்ளி தவறாமல் போகிறவர்களும் உண்டு.

ஜெபம் நடக்கும், காலையில் ஒரு பாட்டும் இருக்கும். கட்டாயப்படுத்த முடியாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் ஒருவரின் சம்மதம் இல்லாமல் மதபோதனையில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று 28ஆவது பிரிவு சொல்கிறது. பெரும்பாலான இடங்களில் கிறிஸ்தவ மாணவர்களுக்கு வேதாகம வகுப்பு நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு மதிப்புக் கல்வி வகுப்பு வைத்துவிடுவார்கள். பாடத்திட்டம் ஆர்.சி.ஐ. கொடுத்தது என்பதால் தேர்வில் மதம் வராது.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான். பாஸ்டர் லெட்டர் குடுத்தா சீட்டு உறுதியா?"

உறுதி இல்லை. சில இடங்களில் சபைக் கடிதம் கேட்பார்கள், அது சிறுபான்மை ஒதுக்கீட்டில் உங்களைக் கணக்கு வைக்க உதவும். மதிப்பெண்ணும் நேர்காணலும் அதற்குப் பிறகும் இருக்கின்றன. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசின் சாதி இடஒதுக்கீடு கட்டாயமில்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அரசுக் கல்லூரியில் கிடைக்கும் என்று நினைத்த இடம் இங்கே அதே கணக்கில் கிடைக்காது.

நம் பகுதியில் பலரும் தவறவிடுவது உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் தமிழ்நாடு அரசு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தருகிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். "நீங்கதான் மதம் மாறிட்டீங்களே, உங்களுக்குக் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் சேர்க்கைக்கு முன்பே இ-சேவையில் எடுத்து வையுங்கள். ஜூன், ஜூலையில் அங்கே கூட்டம் தாங்காது.

"எந்தப் பிரிவு எடுக்கறது மிஸ்? எதுக்கு வேலை ஜாஸ்தி?"

வேலைக்காகப் பிரிவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே சோர்ந்துபோவதைப் பார்க்கிறேன். ஒரு வாரம் சிறப்புப் பள்ளிக்கோ, வட்டார வள மையத்தின் பள்ளி ஆயத்தப் பயிற்சி மையத்துக்கோ போய் உட்கார்ந்து பாருங்கள், அனுமதி கேட்டால் தருவார்கள். காது கேளாத பிள்ளைகளோடு கைகளால் பேசுவது சிலருக்கு உடனே பிடித்துவிடும். பார்வையற்ற பிள்ளைகள் தொட்டுப் படிக்கும் பிரெய்லும், தொட்டுக் கணக்குப் போடும் டெய்லர் சட்டகமும் சிலருக்குப் பிடிக்கும். எச்சில் ஒழுகும் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு அதே சிரிப்போடு பாடத்தைத் தொடர முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவு உங்களுக்குச் சரியாக வரும்.

எண்ணிக்கையைப் பார்த்தால் நம் பக்கத்துப் பள்ளிகளில் அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைத்தான் அதிகம் பார்க்கிறோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் முன்பிருந்த ஏழு வகையை 21 வகையாக விரித்துவிட்டது. ஒரு பிரிவில் பட்டம் வாங்கினாலும் அரசுப் பள்ளியில் எல்லா வகைப் பிள்ளைகளும் உங்களிடம் வருவார்கள். மற்ற பிரிவுகளைப் பற்றிய அறிமுகப் பாடங்கள் பி.எட்.டில் உண்டு, அவற்றைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

"ரெண்டு வருஷம் என்னதான் சொல்லித் தருவாங்க? பொறுமை இருந்தா போதாதா?"

பொறுமை வேண்டும், அது மட்டும் இருந்தால் குழந்தை இருந்த இடத்திலேயே இருக்கும். காசிமேட்டில் நான் போகும் ஒரு வீட்டில் பதினோரு வயதுப் பையன். சட்டைப் பட்டன் போடத் தெரியாது. அம்மா விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விடுவார், பாட்டிக்குக் கண் மங்கல். பட்டன் போடத் தெரியாததால் பள்ளிக்குப் போவதே நின்றுபோயிருந்தது. "போடு, போடு" என்று ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

படித்தவர்கள் அதை இப்படிப் பார்ப்பார்கள். சட்டையின் இரண்டு ஓரத்தையும் நேராகச் சேர்ப்பது, பட்டனைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடிப்பது, அதன் விளிம்பைக் காஜாவுக்குள் சாய்த்து நுழைப்பது, மறுபக்கம் எட்டிப் பார்க்கும் பட்டனை இன்னொரு கையால் பிடித்து இழுப்பது. இப்படிப் படிகளாகப் பிரித்துவிட்டு, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிச் சொல்லிக்கொடுப்போம். மற்ற எல்லாவற்றையும் நான் செய்துவிட்டேன், கடைசி இழுப்பை மட்டும் அவன் செய்தான். முதல் நாளே "போட்டுட்டேன்" என்று பாட்டியிடம் ஓடினான். அது பழகியதும் அதற்கு முந்தைய படியையும் அவனிடம் விட்டேன். சட்டையும் முதலில் அப்பாவுடையது, பெரிய பட்டன், தளர்ந்த காஜா. பிறகுதான் அவன் யூனிபார்ம். எந்தப் படியைக் கைபிடித்துச் செய்தான், எதைச் சொன்னதும் செய்தான், எதைத் தானாகச் செய்தான் என்று ஒவ்வொரு முறையும் குறித்துவைத்தேன். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த படிக்கு எப்போது போவது என்றே தெரியாது.

குழந்தையின் நிலையை அளக்க எம்.டி.பி.எஸ். என்ற பட்டியலைச் சொல்லித் தருவார்கள். 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 செயல்கள், ஆக 360. அந்தப் பெயரில் முதலில் வரும் எழுத்து மெட்ராஸைக் குறிக்கிறது. இந்த ஊரிலேயே ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கியது அது. அதை வைத்துத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவது, துணைக் கருவிகள் செய்வது, நடத்தைச் சிக்கல்களைக் கையாள்வது, பெற்றோரோடு பேசுவது என்று படிப்பு போகும். உளவியலும் சட்டமும் எழுத்துத் தேர்வுக்கு உண்டு. ஆனால் உங்களை ஆசிரியராக்குவது பயிற்சி நாட்கள்தான். அந்த ரெக்கார்டு நோட்டைப் பக்கத்துத் தோழியிடம் பார்த்து எழுதினால் பட்டம் கிடைத்துவிடும், குழந்தை முன்னால் போய் நின்றதும் கை ஓடாது.

"தண்டையார்பேட்டைல இருந்து தினம் போய்ட்டு வர முடியுமா?"

இந்த வசதிகள் பெரும்பாலும் ஊரின் தெற்கே இருக்கின்றன என்பது நம் பக்கத்துக்காரர்களின் பெரிய கஷ்டம். பழைய பெயர்பெற்ற சிறப்புப் பள்ளிகள் மயிலாப்பூர், அடையாறு, கோட்டூர்புரம், பெசன்ட் நகர்ப் பக்கம். மத்திய அரசின் பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கிறது. அது கிறிஸ்தவ நிறுவனம் இல்லை, ஆனாலும் இந்தப் படிப்பைத் தேடுகிற எல்லோரும் விசாரிக்க வேண்டிய இடம். வடசென்னையிலிருந்து முட்டுக்காட்டுக்கு ஒரு பக்கம் இரண்டு மணி நேரம் என்றே கணக்கு வையுங்கள்.

2021இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்த பிறகு அடையாறு வரை போவது சுலபமாகியிருக்கிறது. சின்னமலையில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம். காசு மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நேரம்தான் செலவு. கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் திருவான்மியூர் போய் அங்கிருந்து இ.சி.ஆர். பஸ் ஏறுவதும் ஒரு வழி. முடிந்தால் பயிற்சி நாட்களுக்காவது வீட்டுப் பக்கத்தில் ஒரு பள்ளியை ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளும் கல்லூரிகள் இருக்கின்றன.

"கரஸ்ல படிக்கலாமா? வேலைக்குப் போய்க்கிட்டே முடிச்சிடலாமில்ல?"

முழுக்க வீட்டிலிருந்தே முடியாது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆர்.சி.ஐ. ஒப்புதலோடு தொலைநிலையில் சிறப்புக் கல்வி பி.எட். நடத்தி வந்திருக்கிறது. அதிலும் நேர்முக வகுப்பும் பயிற்சியும் உண்டு. அது சும்மா கையெழுத்துக்கு இல்லை. சேரும் ஆண்டில் ஒப்புதல் இருக்கிறதா என்று இரண்டாவது கேள்வியில் சொன்னபடி பாருங்கள்.

"எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் மீடியம். சமாளிக்க முடியுமா?"

முடியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் வகுப்பு பெரும்பாலும் இங்கிலீஷில்தான். தமிழில் தேர்வு எழுதலாமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். முதல் மூன்று மாதம் கலைச்சொற்கள் மிரட்டும், பிறகு பழகிவிடும்.

பயிற்சி வகுப்பில் நிலைமை தலைகீழ். குழந்தைக்குப் புரிவது வீட்டில் பேசும் தமிழ். புத்தகத் தமிழில் "அருந்து" என்று சொன்னால் நம் பிள்ளைகள் முழிப்பார்கள், "குடி" என்றால் டம்ளரை எடுப்பார்கள். ராயபுரத்தில் தெலுங்கு பேசும் வீடுகளும், உருது பேசும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே அம்மா என்ன சொல்லி அழைக்கிறாரோ அந்தச் சொல்லை நாம் முதலில் கற்க வேண்டும். இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவருக்கு இது கூடுதல் பலம்.

"எம்.ஏ. சைக்காலஜி முடிச்சிருக்கேன். நேரா எம்.எட். சிறப்புக் கல்வி சேரலாமா?"

முடியாது. எம்.எட்.டுக்குச் சிறப்புக் கல்வி பி.எட். வேண்டும். அல்லது சாதாரண பி.எட்.டோடு சிறப்புக் கல்வி டிப்ளமா வேண்டும். பதிவேட்டு எண்ணும் கேட்பார்கள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்களுக்கும் இதே பதில்தான். சைக்காலஜி படித்தது வீணில்லை, பி.எட்.டில் பாதிப் பாரம் குறையும்.

எம்.எட். எதற்கு என்றால், கல்லூரியில் ஆசிரியர்களை உருவாக்குவதற்கு. குழந்தைகளோடு வேலை பார்க்க பி.எட். போதும். இரண்டு, மூன்று வருஷம் பள்ளியில் இருந்துவிட்டு எம்.எட். போங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். வகுப்பறையைப் பார்க்காமல் எம்.எட். முடித்தவர் நாளைக்கு வகுப்பறையைப் பற்றிப் பாடம் எடுப்பார்.

"இதைப் படிச்சா ஸ்பீச் தெரபியும் செய்யலாம்தானே?"

கூடாது. பேச்சு, கேட்டல் சிகிச்சைக்கு நான்காண்டுத் தனிப் பட்டம் இருக்கிறது. அவர்கள் சொல்லித்தரும் பயிற்சியை வகுப்பில் தொடர்வது நம் வேலை.

"வேலை கிடைக்குமா? சம்பளம் எவ்வளவு வரும்?"

தேவை நிறைய, நிரந்தரப் பணியிடம் குறைவு. உள்ள நிலைமை இதுதான். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வேலை பார்க்கும் சிறப்புப் பயிற்றுநர்கள் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். நிரந்தரம் கேட்டு எத்தனையோ முறை போராடியிருக்கிறார்கள், கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. தனியார் சிறப்புப் பள்ளிகளில் சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். சேர்வதற்கு முன் வங்கிக் கணக்கில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். கையெழுத்து ஒரு தொகைக்கு, கையில் வேறு தொகை என்ற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது.

நம்பிக்கைக்கும் காரணம் உண்டு. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் சிறப்பு ஆசிரியர் பணியிடங்களைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசியது. அதற்குப் பிறகு தொடக்க வகுப்புகளில் பத்துப் பிள்ளைக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பிள்ளைக்கு ஒருவர் என்று விகிதம் வகுக்கப்பட்டது. நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கச் சொல்லி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் உத்தரவிட்டது. அந்தக் கணக்கு நடைமுறைக்கு வந்தால் இன்று இருப்பவர்கள் போதவே மாட்டார்கள்.

ஆசிரியர் தேர்வு வாரியத்தில் "சிறப்பாசிரியர்" என்று அறிவிப்பு வந்தால் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். ஓவியம், தையல், இசை, உடற்கல்விக்கும் அதே பெயரில்தான் அறிவிப்பு வரும். கல்வித் தகுதிப் பகுதியை முழுக்கப் படியுங்கள்.

"என் பையனுக்கு ஆட்டிசம். வெளிய காட்டிச் செலவு பண்றதுக்கு நானே படிச்சிட்டா என்ன?"

இதைக் கேட்கும் அம்மாக்களை நான் தடுப்பதில்லை. இந்தத் துறையில் நல்ல ஆசிரியர்கள் பலர் அப்படி வந்தவர்கள். ஆனால் உங்கள் பையனுக்காக மட்டும் என்றால் இரண்டு வருஷம் ரொம்ப நீளம், அந்த இரண்டு வருஷம் உங்களுக்கு இருப்பதைவிட அவனுக்கு முக்கியமான காலம். பகல் முழுக்க நீங்கள் கல்லூரியில், அவன் யாரிடம்? அதற்குப் பதில் தெரிந்த பிறகு விண்ணப்பம் வாங்குங்கள். சில மாதப் பெற்றோர் பயிற்சிகள் முதலில் போதும்.

வீட்டில் அம்மாவாகவும் வகுப்பில் டீச்சராகவும் ஒரே ஆள் இருப்பது இருவருக்கும் களைப்பு. படித்து முடித்த பிறகும் அவனுக்கு வேறொரு ஆசிரியர் இருக்கட்டும். நீங்கள் இன்னொரு அம்மாவின் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். கூடவே, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் முதலில் அதை எடுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு பதிவாகியிருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி அவன் சட்ட உரிமை.

"எனக்கே ஒரு கண் தெரியாது, இன்னொண்ணு கொஞ்சம்தான். என்னைச் சேர்ப்பாங்களா?"

சேர்க்க வேண்டும். அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. தேர்வுக்கு உதவி எழுத்தரும் கூடுதல் நேரமும் கேட்கலாம். பார்வையற்ற பிள்ளைக்குப் பிரெய்ல் தெரிந்த பார்வையற்ற ஆசிரியரும், காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழியைத் தன் மொழியாகக் கொண்ட ஆசிரியரும் கிடைப்பது பெரிய பேறு. நேர்காணலில் "உன்னால் முடியுமா" என்று கேட்டால் கோபப்படாமல், நீங்கள் எப்படிப் படித்து வந்தீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள்.

"ஜெபம் பண்ணா சரியாயிடும்னு எங்க சபைல சொல்றாங்க. அந்த காலேஜ்லயும் அப்படித்தான் சொல்லிக்குடுப்பாங்களா?"

இல்லை. வகுப்பில் ஆட்டிசமும் மூளை முடக்குவாதமும் என்ன காரணத்தால் வருகின்றன, மருத்துவம் எதுவரை செய்யும், கல்வி எதுவரை செய்யும் என்றுதான் படிப்பீர்கள். நான் நம்பிக்கை உள்ளவள், தினமும் ஜெபிக்கிறேன். ஜெபித்ததற்காக மாத்திரையை நிறுத்திய வீடுகளையும் பார்த்திருக்கிறேன். வலிப்பு வரும் குழந்தைக்கு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இதைச் சபையிலேயே எழுந்து நின்று சொல்ல நான் தயங்குவதில்லை.

"யார் செய்த பாவம்" என்ற கேள்வி எல்லா மதத்து வீட்டிலும் இருக்கிறது, ஒரு வீட்டில் கர்மா என்பார்கள், ஒரு வீட்டில் சாபம் என்பார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டிச் சீடர்கள் இதையே கேட்டபோது, அவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை என்றுதான் இயேசு பதில் சொன்னார். கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கிறவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. இதைச் சொன்னால் சபை காதுகொடுத்துக் கேட்கும்.

"அமெரிக்கால ஒரு கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி ஆன்லைன்லயே மாஸ்டர்ஸ் தருதாம். சேரலாமா?"

அங்கே போய் வேலை பார்க்கப் போகிறீர்களா, இங்கேயா என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஆசிரியர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனியாகக் கொடுக்கிறது. பட்டத்தோடு அந்த மாநிலம் கேட்கும் தேர்வும் நேரடி வகுப்பறைப் பயிற்சியும் வேண்டும். உரிமத்துக்குச் சேராத மாஸ்டர்ஸ் என்று அதே பல்கலைக்கழகமே தனியாக ஒன்று வைத்திருக்கும். விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

இங்கே வேலை என்றால் பதிவேட்டு எண் இல்லாமல் அந்தப் பட்டம் உதவாது. வெளிநாட்டுத் தகுதியை ஆர்.சி.ஐ. ஏற்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, ஆனால் அது தானாக நடக்காது. கட்டணம் கட்டுவதற்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதிக் கேளுங்கள். அங்கே படிக்கும் பாடத்தில் 1975இலிருந்து வளர்ந்த அவர்கள் நாட்டுச் சட்டமும் நடைமுறையும்தான் நிறைய இருக்கும். தனிநபர் கல்வித் திட்டம் என்ற முறையே அங்கிருந்து வந்ததுதான், கற்க நிறைய உண்டு. ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளை இருக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கு அதை எப்படிக் கொண்டுவருவது என்பதை மட்டும் நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

"எல்லாம் சரி மிஸ். ரெண்டு காலேஜுக்கும் அங்கீகாரம் இருக்கு. எது நல்லதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அட்மிஷன் ஆபீஸில் உட்கார வைத்துப் பேசுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பயிற்சிப் பள்ளி எது என்று கேட்டு, ஒரு வேலை நாள் காலையில் அங்கே போங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பயிற்சி மாணவிகள் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார்களா அல்லது பின்பெஞ்சில் சார்ட் வரைந்துகொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பேராசிரியர் யாராவது அந்த வகுப்புக்கு வந்து கவனித்துக் குறை சொல்கிறாரா என்று மாணவிகளிடமே கேளுங்கள். சென்ற ஆண்டு படித்தவரின் ரெக்கார்டு நோட்டு ஒன்றை வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே குழந்தையின் கதை இருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சிறப்புப் பள்ளியின் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். சக்கர நாற்காலி உள்ளே போகுமா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா, தரை காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைப் பயிற்சியைப் பாடமாக நடத்தும் இடத்தில் அது எப்படி இருக்கிறது என்பது முக்கியம்.

சேர்க்கைக்குப் போகும்போது பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை எல்லா மதிப்பெண் பட்டியலும், மாற்றுச் சான்றும், சாதிச் சான்றும், ஆதாரும் அசலும் மூன்று செட் நகலுமாக எடுத்துப் போங்கள். அசலைக் கொடுத்தால் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.